கண்ணாடி நாரும் காவிரி நீரும்

முக்கொம்பில் காவிரியினின்றும் பிரிந்து கொள்ளிடம் வடக்கே செல்ல, காவிரி தெற்கே ஓட, இரண்டுக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கத்தில், கோடை முற்றிய நாட்களில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நிற்பவனுடைய கண்ணுக்கு நீரைவிட மணலே அதிகமாகத் தென்படும். மேட்டூர் அணை திறந்து அந்த நீர் முக்கொம்பைக் கடந்து வந்த பின்னரோ, மணற்பரப்பு இருந்த சுவடே தெரியாமல் மறைந்து, அக்கரை செல்லப் பாலமே கதி என்றாகிவிடும். மழை மிகுந்த ஆண்டுகளில் உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடும்போது அதன் வேகம் எத்தகையது என்பதை 2018 ஆகஸ்டு மாதம் நமக்குக் காட்டியது: ஆர்தர் காட்டன் 1836-ல் எடுப்பித்த முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் வீழ்ந்தன, கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் அந்த வெள்ளத்தில் சரிந்தன.

இத்தகைய நீரில் மூங்கிலால் முடைந்து தோல் போர்த்திய பரிசலே நெடுங்காலம் மனிதனுக்குத் துணையாக இருந்தது. இக்காலத்தில் வெள்ளம் என்றவுடன் நினைவுக்கு வருவது ஃபைபர் படகு. 2015-ல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளைத் தெருக்களுக்குள்ளேயே கொண்டுவந்து ஜனங்களை ஏற்றிச் சென்றதை நாடே பார்த்தது. நீர்ச்சறுக்கு விளையாட்டில் ஓர் ஆளைக் கயிற்றின் நுனியில் இழுத்துக்கொண்டு பாயும் உல்லாசப் படகும், முட்டுக்காட்டிலும் ஏற்காட்டிலும் சுற்றுலாக் கழகத்தார் விடும் படகுகளும், நாகப்பட்டினத்து மீனவருடைய படகும் உருவத்தாலும் பயனாலும் வேறுபட்டவையாயினும், உடலெடுத்த பொருளால் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை. அந்த உடல் கண்ணாடி நார். அந்த நாரில் சரிபாதிக்குச் சற்றே மேற்பட்ட பங்கு, காவிரி மணலிலும் நிறைந்து கிடக்கும் அதே சிலிக்கா. மணலிலிருந்து பிறந்த படகு மணலிலேயே இழுபட்டுத் தேய்கிறது என்பது விதியின் விளையாட்டுகளில் ஒன்று.

இந்தப் படகுகளுக்கு நேரும் காயங்களைப் பற்றி நம்மவர்களிடம் ஓர் அலட்சியம் உண்டு. ‘ஒரு கை ரெசின் பூசினால் சரியாகிவிடும்’ என்பார்கள். சிலர் அதுவும் செய்யாமல், வீட்டுக் குழாய்க்கு வாங்கிய எம்-சீலில் மிச்சமிருந்ததை அப்பிவிட்டு ஆற்றில் இறங்கிவிடுவார்கள். நீர் கசிவது அப்போதைக்கு நின்றும் போகும். ஆனால் படகின் அடிப்பாகம் நீரை வெளியே நிறுத்தும் வெறும் சுவர் மாத்திரமன்று. அலையின் அடி, இயந்திரத்தின் உந்துதல், ஆட்களின் பாரம் ஆகிய எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கடத்திச் செல்லும் ஓர் அங்கம் அது. காயம் பட்ட இடத்தில் அறுந்துபோவது அந்தச் சுமை செல்லும் பாதை. ஓட்டையை அடைத்தவன் நீரை நிறுத்துகிறான். பாதையை மீட்டவனே படகைச் செப்பனிடுகிறான். இந்தப் பேதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்தத் தொழிலில் உள்ள விதிகள் யாவும் ஏன் அவ்வாறு இருக்கின்றன என்பது தானே விளங்கும்.

உருக்கிய கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்கும் வித்தை பழமையானதே எனினும், அதைப் பெருமளவில் தொழிலாக நடத்தும் வழி 1930-களில் அமெரிக்காவில் உருவாயிற்று. பாலியெஸ்டர் ரெசினும் அதே பத்தாண்டில் வந்து சேர, 1942-ல் ஒஹையோ மாகாணத்தில் ரே கிரீன் என்பவர் இவ்விரண்டையும் கூட்டி ஒரு சிறு படகு செய்தார். நம் கரையோரத்துக்கு ஃபைபர் படகு வந்து ஊன்றியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தார் அலை அடிக்கும் மணற்கரையில் ஏறி இறங்கக்கூடிய படகுகளை வகுத்துப் பரீட்சித்தார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து கட்டுமரங்களையும் படகுகளையும் நொறுக்கிய பின் நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகளே. அதனால் இந்த வேலை தெரிந்த கைகள் இன்று நாகை, கடலூர்க் கரைகளில் தாராளமாக உண்டு. அவர்கள் மேட் என்பது, துண்டு துண்டாக நறுக்கிய இழைகளைப் பாயைப்போல் பரப்பி ஒட்டியது. ரோவிங் என்பது கற்றைகளை நெய்த முரட்டுத் துணி. ஜெல்கோட் என்பது இவற்றுக்கெல்லாம் வெளியே நிறமும் பளபளப்பும் தரும் அரை மில்லிமீட்டர்த் தோல்.

இவற்றில் பாரம் சுமப்பது நார். ரெசினின் உத்தியோகம், நார்களை அவற்றின் இடத்தில் பிடித்து நிறுத்தி, ஒரு நாரின் சுமையை அடுத்த நாருக்கு மாற்றிக் கொடுப்பதே. ஜெல்கோட் எதையும் சுமப்பதில்லை. ஆயினும் எல்லாருடைய கண்ணும் விழுவது அதன்மேல்தான். ஆகவேதான் காயத்தை அறிவதில் பெரும்பிழைகள் நேர்கின்றன. தோலில் கோரமாகத் தெரியும் சிராய்ப்பு உள்ளே ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். தோலில் மயிரிழையாக ஓடும் ஒரு கீறலுக்கு அடியில் நாலைந்து அடுக்குகள் பிரிந்து கிடக்கலாம்.

கீறல்களுக்கு ஒரு பாஷை உண்டு. ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் நட்சத்திரம்போல் கிளம்பும் கீறல்கள், அந்த இடத்தில் ஏதோ ஒன்று மோதியதைச் சொல்லும். வெளியே நீருக்குள் மறைந்த கருங்கல்லும் மோதியிருக்கலாம், உள்ளே யாரோ நங்கூரத்தைப் போட்டதும் காரணமாகலாம். ஒன்றுக்கொன்று இணையாகப் பல கோடுகள் ஓடுமானால், அந்தப் பகுதி மீண்டும் மீண்டும் வளைந்து கொடுத்து அலுத்துவிட்டது என்று பொருள். இந்த இணைகோடுகள் உள்ளேயிருக்கும் நெடுக்குச் சட்டத்தின் ஓரமாகவோ, ஏராவை ஒட்டியோ, இயந்திரம் தொங்கும் பின்பலகையின் மூலையிலோ காணப்பட்டால் அதை மேற்பூச்சின் குறை என்று ஒதுக்குவதற்கில்லை. சட்டம் அடித்தட்டை விட்டுப் பிரிந்திருக்கலாம். அல்லது சட்டத்துக்குள் வைத்த மரம் இற்றுப் போயிருக்கலாம். வேகப் படகுகளில் இது பெருவாரியாக நிகழ்வது: அலைமேல் எழும்பி விழும் ஒவ்வொரு முறையும் அடித்தட்டு நீரில் அறைபடுகிறது, இயந்திரத்தை இறுக்கிய போல்ட்டுகள் சட்டத்தில் இறங்கியிருக்கும் துளைகளைச் சரியாக அடைக்காவிட்டால் நீர் அந்த வழியே மரத்தைச் சென்றடைகிறது. வெளியே நாம் பார்த்துக்கொண்டிருக்கும் கீறலுக்கு மூலமான வியாதி அங்கே இருக்கிறது.

மயிரிழைக் கீறல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று காண, எழுதும் மை போதும். படகைக் கழுவிக் காயவைத்து, சந்தேகப்பட்ட இடத்தில் நீர்த்த மையைத் துணியால் தேய்த்து, ஒரு நிமிஷம் விட்டு, ஈரத்துணியால் மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், வெள்ளை ஜெல்கோட்டில் அதுவரை ஒரு விரற்கடை நீளம் என்று நினைத்திருந்த கீறல், ஒரு சாண் நீளத்துக்கு நீலக் கோடாகக் கிளைவிட்டு நிற்கும்.

அடுத்தது செவியால் செய்யும் பரீட்சை. ஸ்ரீரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளைப் போன்ற சிற்பங்களை வடிப்பதற்குக் கல் தேர்ந்த ஸ்தபதிகள் கல்லைத் தட்டி அதன் நாதத்தால் குணம் கண்டார்களே, அதே முறைதான் இங்கும்: ஒரு சிறு பிளாஸ்டிக் சுத்தியலாலோ நாணயத்தின் விளிம்பாலோ அடித்தட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று குறுகிய ஒலி தரும், அடுக்குகள் பிரிந்த இடமோ நீர் ஊறிய இடமோ ‘பொத்’தென்று அமுங்கிய ஒலி தரும். ஒலி மாறும் எல்லையை மெழுகுப் பென்சிலால் வரைந்துகொண்டே வர வேண்டும். முடிவில் படகின் அடியில் தோன்றும் வரைபடம், கண்ணுக்குத் தெரிந்த காயத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு பரந்து கிடப்பது சாதாரணம். உள்ளே சட்டம் இருக்கும் இடத்திலும் ஒலி மாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். படகின் மறுபக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிட்டால் மயக்கம் தீரும். நாணயத்தைவிட நவீனமான கருவி இல்லையோ என்று கேட்கலாம். திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலையில் கொதிகலன் பற்றவைப்புகளை, மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியைச் செலுத்திப் பரிசோதிப்பது அன்றாட காரியம். ஆனால் எஃகு ஒரே சீரான பொருள். அதில் அந்த நுண்ணொலி நேராக ஊடுருவும். கண்ணாடி நாரும் ரெசினும் கலந்த அடுக்கிலோ ஒவ்வொரு நாரும் ஒலியைச் சிதற அடிக்கிறது. அதனால் அதிர்வெண்ணைக் குறைத்துக்கொண்டுதான் அந்தக் கருவியைப் பிரயோகிக்க முடியும், குறைத்தால் நுட்பமும் குறையும். ஆகவே கரையில் நாணயம் இன்னும் செல்லுபடியாகிறது.

மூன்றாவது பரீட்சை ஒளியினால் செய்வது. எனக்கு இதுவே மிகவும் பிரியமானது. பிற்பகல் மங்கிய பிறகு, படகின் உட்புறம் ஒரு பலமான விளக்கை வைத்து, வெளியே இருந்து பார்த்தால், ஜெல்கோட் மெலிந்த இடங்களில் அடித்தட்டு ஒளி கசியும் பழுப்புத் திரைபோல் தெரியும். அடுக்கு பிரிந்த இடங்கள் அந்தத் திரையில் நிழலாக விழும். ஜெல்கோட்டை உரித்துப் பார்த்தால் அதே இடங்கள் பால்போல் வெளுத்திருக்கும். ஏன் வெளுக்கின்றன? கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55, இறுகிய ரெசினின் எண்ணும் அதை ஒட்டியே இருப்பதால், ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் திரும்பாமல் சிதறாமல் நுழைந்து போய்விடுகிறது. நாருக்கும் ரெசினுக்கும் நடுவே பிளவு விழுந்து காற்று புகுந்தால், காற்றின் எண் 1 ஆகையால், ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறி வெண்மையாகத் திரும்புகிறது. டென்மார்க்கு தேசத்துக் கிறிஸ்டியன்சென் என்பவர் 1884-ல் கண்ணாடித் தூளை அதற்கேற்ற எண்ணுடைய திரவத்தில் இட்டு, வெண்தூள் மறைந்து ஒளி ஊடுருவுவதைக் காட்டினார். 1888-ல் இதே திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் பின்னாளில் அந்தப் பரிசோதனையின் தத்துவத்தை ஆராய்ந்து தனிக் கட்டுரையே எழுதினார். படகுப் பட்டறையில் புதிய மேட்டின்மேல் ரெசின் ஊறும்போது வெள்ளைப் பாய் கண்ணெதிரே கரைந்து கண்ணாடியாகிறதே, அது கிறிஸ்டியன்செனின் பரிசோதனைதான். எங்கே வெள்ளைப் புள்ளி மிஞ்சுகிறதோ அங்கே காற்று இருக்கிறது. செப்பனிடுபவனுக்கு அதைவிட நேர்மையான மேற்பார்வையாளன் கிடையாது.

மோதலால் வராமல், நீரின் பொறுமையால் வரும் வியாதி ஒன்றும் உண்டு. நீர் புகாது என்று நாம் நம்பும் ஜெல்கோட் வழியாக நீர் மூலக்கூறுகள் மிக மெதுவாக ஊடுருவுகின்றன. உள்ளே முழுவதும் வினைபுரியாமல் தங்கிப்போன ரெசினின் மூலப்பொருள்கள் அந்த நீரில் கரைந்து அடர்ந்த ஒரு திரவமாகின்றன. அடர்த்தி குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் ஈர்க்கப்படும் சவ்வூடு பரவல் என்ற நியமப்படி, மேலும் மேலும் நீர் உள்ளே வர, அழுத்தம் மிகுந்து ஜெல்கோட் கொப்புளமாக எழும்புகிறது. குத்தினால் காடி நெடியுடன் பிசுபிசுப்பான திரவம் பீறிடும். கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். பலர் அறியாத சங்கதி, கடல்நீரைவிட நன்னீரில் இது கடுமை என்பது. கடல்நீரில் ஏற்கெனவே உப்பு கரைந்திருப்பதால் வெளிக்கும் உள்ளுக்கும் அடர்த்தி வேற்றுமை குறைவு. காவிரி போன்ற நன்னீரில் அந்த வேற்றுமை அதிகம். வெப்பம் இதைத் துரிதப்படுத்தும். ஆற்றுப்படகு கோடையில் மணலில் காய்ந்து கிடப்பதால் ஓரளவு தப்பிக்கும்; சமவெளி ஏரிகளில் ஆண்டு முழுதும் நீரிலேயே மிதக்கும் படகுகளுக்கே இதில் ஆபத்து மிகுதி. கொப்புளத்தை மூடிப் பூசுவது வீண். திறந்து அரைத்து, உள்ளே தேங்கிய கரைபொருள் போகும்வரை நன்னீரால் பலமுறை கழுவி, வாரக்கணக்கில் உலர்த்த வேண்டும். உலர்ந்ததா என்று அறிய, ஒரு சதுரக் கண்ணாடித்தாளை நாற்புறமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி வெயிலில் விட்டால், உள்ளே ஈரம் இருக்கும்வரை தாளின் அடியில் வியர்வைத் துளிகள் கட்டும்.

இனிச் சிகிச்சை. எதற்கும் முன்னால் மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் துணியில் தோய்த்த அசிட்டோனால் துடைத்துவிட வேண்டும். அரைத்த பிறகு துடைப்பதாக இருந்தால், கிரைண்டர் அந்த மெழுகை நார்களுக்குள்ளேயே தேய்த்து ஏற்றியிருக்கும். பிறகு, தட்டிப் பார்த்து வரைந்த எல்லைக்கு உட்பட்ட கெட்ட பகுதி முழுவதையும் வெட்டி எறிய வேண்டும். இந்த இடத்தில்தான் மனம் தயங்குகிறது. ஒரு விரல் நுழையும் துளையோடு வந்த படகில் உள்ளங்கை அகலம் வெட்டுவது உடையவருக்குப் பொறுக்காது. அதற்கு மேலும் ஒன்று உண்டு: வெட்டிய ஓரத்தை 36 எண் உப்புத்தாளால், தட்டின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து இறக்க வேண்டும். தட்டின் கனம் 6 மில்லிமீட்டர், துளையின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்று கொள்வோமானால், ஒவ்வொரு பக்கமும் 7.2 சென்டிமீட்டர் சரிவு. தேய்த்த வட்டத்தின் விட்டம் 24.4 சென்டிமீட்டர், பரப்பு முன்னதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. அனாவசியமாகப் படகைப் பாழாக்குகிறான் என்று உடையவர் வையத்தான் செய்வார்.

ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்க வழியில்லை. புதிதாய் வார்க்கும்போது ஓர் அடுக்கின் ரெசின் முற்றுமுன் அடுத்த அடுக்கு விழுவதால் இரண்டும் ரசாயனப் பிணைப்பால் ஒன்றாகிவிடுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் இறுகிப்போன படகிலோ அத்தகைய பிணைப்புக்கு இடமில்லை. புது ரெசின் பழைய பரப்பின் கரடுமுரடுகளைப் பற்றிக்கொண்டு ஒட்டி நிற்பதே சாத்தியம். அந்த ஒட்டு தாங்கும் பலம், நார் அடுக்கு இழுவிசையைத் தாங்கும் பலத்தைவிடப் பன்மடங்கு குறைவு. பலத்தில் குறைந்ததைப் பரப்பில் ஈடுசெய்வதற்கே சரிவு. அறுந்த ஒவ்வொரு பழைய அடுக்கும் ஒரு புதிய அடுக்கை நேரே சந்தித்துத் தன் சுமையைக் கைமாற்றுவதும் அந்தச் சரிவின்மேல்தான். செங்குத்தாக வெட்டிய துளையில் எத்தனை கனமாக ரெசினை ஊற்றினாலும் அது ஓர் அடைப்பான். அடித்தட்டு வளையும்போது அதன் விளிம்பில் மறுபடியும் வட்டமாய்க் கீறல் விழும்.

எந்த ரெசின் என்பதில் இரு கட்சிகள் உண்டு. பழைய பரப்பில் பற்றுவதில் எபாக்சி மேலானது. நீரையும் குறைவாகவே விடும். விலை அதிகம். மேலும் மேட்டின் துண்டு நார்களைச் சேர்த்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையுமாறு அமைந்தது; எபாக்சியில் அது கரையாமல் பாய் விறைத்து நிற்கும், ஆகவே எபாக்சிக்கு நெய்த துணியே பொருந்தும். எபாக்சியின்மேல் சாதாரண ஜெல்கோட்டும் சரிவர இறுகுவதில்லை. கடற்கரையில் மீன்பிடி படகுக்குப் பாலியெஸ்டரே போதும் என்று செய்கிறார்கள். சரிவைச் சரியாக எடுத்திருந்தால் அது போதும் என்பதே என் அபிப்பிராயமும். நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளம் கண்ட படகுக்கு மாத்திரம் எபாக்சியின் செலவைப் பார்க்கக் கூடாது.

பாலியெஸ்டரைக் கலப்பதில் ஜாக்கிரதை வேண்டும். கோபால்ட் என்று வழங்கும் துரிதப்படுத்தியை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். இவ்விரண்டும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. எடையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு என்பது அளவு. திருச்சியின் அக்கினி நட்சத்திரத்தில் 2 பங்கு விட்டால், டப்பாவிலேயே ரெசின் கட்டியாகிப் புகையத் தொடங்கும். அதற்காக 1 பங்குக்கும் கீழே இறக்கினால் ரெசின் என்றைக்கும் முழுதாக முற்றாது. விடியற்காலையில், நிழலில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வேலை செய்வதே இந்த ஊருக்கு ஏற்ற உபாயம். ஸ்டைரீன் ஆவிக்கும் நார்த்தூசிக்கும் தக்க முகமூடி அணிவது கட்டாயம். மூக்கில் கட்டிய துண்டு ஆவியை நிறுத்தாது.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய 1 கிலோ ரெசினைக் குடித்து 1 மில்லிமீட்டர்க் கனம் தரும். நமது 6 மில்லிமீட்டர்த் தட்டுக்கு ஆறு அடுக்குகள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இட்டால் வினையின் சூடு தேங்கி ஒட்டு வெந்து வெடிக்கும்; மூன்று இட்டு, சூடு தணிந்தபின் மற்ற மூன்றை இடுவது நலம். பெரிய துண்டை முதலில் இடுவதா சிறியதையா என்று தொழிலாளர்களிடையே ஓயாத வாதம் உண்டு. பெரியதே முதலில் என்பார் பக்கத்தில் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது: சரிவு முழுவதையும் தொட்டுப் பற்றும் அந்த அடுக்கு அடியில் பத்திரமாக இருக்கும், மேலே சமப்படுத்தத் தேய்க்கும்போது அறுபடுவது சிறிய துண்டுகளின் ஓரமாகவே இருக்கும். ஒவ்வொரு அடுக்கின்மீதும் வரிவரியான இரும்பு ரோலரை ஓட்டி, வெள்ளை மறையும்வரை காற்றை விரட்ட வேண்டும். உட்புறம் கை நுழையுமானால், வெளியே மெழுகு தடவிய தகட்டை அணைகொடுத்து, உள்ளிருந்து அடுக்குவது வெளித்தோற்றத்தைக் காக்கும். சட்டம் பிரிந்திருந்தால் அதையும் அப்போதே புது மேட்டால் அடித்தட்டோடு கட்ட வேண்டும்.

பட்டி பார்ப்பதும் ஜெல்கோட் பூசுவதும் பிறகு வரும் அலங்காரம். அதில் ஒரே ஒரு சூட்சுமம்: பாலியெஸ்டர் காற்றுப்படும் பரப்பில் முற்றாமல் பிசுக்காகவே நிற்கும் சுபாவமுடையது, ஆகவே கடைசிப் பூச்சில் சிறிது மெழுகுக் கரைசல் சேர்ப்பார்கள். அது மேலே மிதந்து காற்றை மறைக்கும். ஒட்டு உண்மையாகவே முற்றிவிட்டதா என்பதை அளக்க, சிறு ஊசிமுனையைப் பரப்பில் அழுத்தி எண் காட்டும் பார்க்கோல் என்ற கருவி இருக்கிறது. நன்கு முற்றிய பாலியெஸ்டர் அடுக்கில் அது 40-ஐ ஒட்டிய எண்ணைக் காட்டும். கருவி இல்லாதவர்கள் அசிட்டோனில் தோய்த்த துணியால் ஒட்டின்மேல் சிறிது நேரம் தேய்த்துப் பார்க்கலாம். பரப்பு இளகிப் பிசுபிசுத்தால், ஆற்றில் எவ்வளவு நீர் வந்திருந்தாலும், படகு இன்னும் சில நாள் வெயிலில் கிடக்க வேண்டியதுதான்.